உதடு அசையாமல் படிப்பது

செப்டம்பர் 3
பேக்கரியை விட்டதில் ஒரு லாபம்: மாவு இருமல் போயே போய்விட்டது. ரயில் ஓட்டுநர் பயிற்சியின் முதல் எழுத்துத் தேர்வில்தான் இடி. நேரம் முடிந்தபோது கடைசிப் பக்கங்களை நான் புரட்டக்கூட இல்லை. பயிற்சியாளர் ஃபோல்கே வகுப்பில் சொல்வது ஒரு தடவை கேட்டாலே மனதில் ஒட்டிக்கொள்கிறது. அதையே அச்சில் பார்த்தால் எறும்பு வரிசை.

"வாயால கேட்டா கடகடன்னு சொல்றீங்க யில்வா. ஆனா தேர்வு எழுத்துலதான். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு இருக்கு," என்றார்.

செப்டம்பர் 5
அதிலும் தோற்றால்? மாவுப் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்புறம் நான் எங்கே போவேன்?

செப்டம்பர் 9
குடியிருப்பின் துணி துவைக்கும் அறையில், இயந்திரம் ஓடும் சத்தத்துக்கு மேல் சிக்னல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். திரும்பினால் எதிர்வீட்டு ஹெட்விக், துணிக் கூடையோடு.

"நிறுத்தாதீங்க. விளக்கே எரியலன்னா டிரைவர் என்ன பண்ணணும்?"

"அணைஞ்சிருந்தாலும் நில்லுன்னுதான் அர்த்தம்."

புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னேன்! யாருக்காவது சொன்னால் எனக்கே புரிகிறது. ஆனால் வாய்விட்டுப் படித்தால் ஆமை வேகம் - தேர்வுக்கு எப்படிப் போதும்?

செப்டம்பர் 14
கணவன் ஸ்டூரேயின் யோசனை: பாடத்தை என் குரலிலேயே போனில் பதிந்து, வேகத்தைக் கூட்டி ஓடவிட்டு, கண்ணால் வரிகளைத் துரத்துவது. என் குரல் வாத்து மாதிரி இருக்கிறது. முதலில் கண் பின்தங்கியது. மாலைக்குள் வாத்தைப் பிடித்துவிட்டேன்.

செப்டம்பர் 20
ஒலியை அணைத்துவிட்டுப் படித்தால் உதடு தானாக முணுமுணுக்கிறது, பழைய ஆமை. பல்லிடுக்கில் பென்சிலைக் கவ்விக்கொண்டேன்.

"என்னடி இது, எலும்பு கவ்வுன நாயாட்டம்?" என்றான் ஸ்டூரே.

பென்சிலைத் தூக்கி அடித்தேன். "சிரிக்காத! ஒனக்கென்ன, பேப்பர மேஞ்சாலே போதும். இதுல தோத்தா எனக்கு வேற நாதியில்ல, தெரியும்ல?" அழுதும்விட்டேன். சீ.

அவன் அடுத்த உருளைக்கிழங்கை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். பிறகு, "ஒரு பக்கம் படி, புக்க மூடு, எனக்குச் சொல்லு. நான் முட்டாளாட்டம் கேள்வி கேக்கறேன். அதுக்கு நடிக்கக்கூட வேணாம்."

சாப்பாடு ஆவதற்குள் பிரேக் பாடம் முழுவதும் முடிந்தது.

செப்டம்பர் 28
பென்சில் இல்லாமல் ஒரு பாடம். உதடு அசையவில்லை. தலைக்குள் வாத்துதான் படித்தது, அதிவேகமாக.

அக்டோபர் 6
தேர்வு. அறையில் அப்படியொரு அமைதி - முதல் பக்கம் உள்ளேயே போகவில்லை. கண்ணை மூடி, வாத்துக்காகக் காத்திருந்தேன். வந்தது. நேரம் மிஞ்சியது! மறுபடி படித்தபோதுதான் ஒரு கேள்வியில் 'செய்யக் கூடாதது எது' என்றிருப்பதைப் பார்த்தேன். 'செய்யக்கூடியது' என்று நினைத்துப் பதில் எழுதியிருந்தேன். திருத்தினேன்.

அக்டோபர் 19
தேறிவிட்டேன். ஃபோல்கே கை வலிக்கக் குலுக்கினார்.

கோதன்பர்க்கிலிருந்து வீடு திரும்பும் ரயிலில், பக்கத்து இருக்கையில் யாரோ விட்டுப்போன துப்பறியும் நாவல். சும்மா புரட்டினேன். கொலையைச் செய்தது தோட்டக்காரன்தான் என்று எனக்குச் சந்தேகம். போன் அடித்தது.

"எங்க இருக்க? சாப்பாடு ஆறுது," என்றான் ஸ்டூரே.

நிமிர்ந்து பார்த்தேன். எங்கள் ஊர் ஆலிங்சோஸ் எப்போதோ போய்விட்டது. வெளியே ஸ்டேஷன் பலகையில் அடுத்த ஊர், வோர்கோர்தா.

"ரயில் ஓட்டப் போறவளே எறங்க மறந்துட்டியா!"

அவன் சிரித்து முடிக்கும் முன் இறங்கிவிட்டேன். திரும்பிப் போகும் ரயில் வரும்வரை நடைமேடை விளக்கடியில் உட்கார்ந்து நாவலின் மீதியைப் படித்தேன்.

கொலைகாரன் தோட்டக்காரன் இல்லை.