ஆசையா, தாகமா?

அன்புள்ள அப்பா,

மறுவாழ்வு இல்லத்தில் சாப்பாடு பிடித்திருக்கிறதா? தீபாவளிக்கு உங்களை வீட்டுக்கு அழைப்பதா என்று அம்மா இன்னும் முடிவு செய்யவில்லை.

இங்கே நம் குருண் ஊரில் தேவகி அத்தை புத்தரின் போதனைகளை மேல்நாட்டு வாசகர்களுக்காக ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறார். நான் தட்டச்சு செய்கிறேன். நேற்று பாலி மொழியின் ‘தண்ஹா’ என்ற சொல்லில் நின்றுவிட்டோம். அதற்கு நேர்ப்பொருள் தாகமாம்.

“வெள்ளைக்காரனுக்கு அது புரியாது லா. ஆசைதானே? டிசையர்னு அடி,” என்றார் அத்தை.

“வேணாம் அத்தை, தாகம்னே இருக்கட்டும்.”

“எனக்கே பாடமா, மேடம்?”

“அப்பாவுக்கு எங்க மேல இருந்ததுதான் ஆசை. பாட்டில் மேல இருந்தது தாகம்.”

அத்தை தலையசைத்தார். ‘தெர்ஸ்ட்’ என்று அடித்தேன்.

இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. இன்று அவர் தொழிற்சாலையிலிருந்து வந்ததும் சொல்லப்போகிறேன்.

உங்கள் மகள்