சீனி இல்லாத தட்டு

8ம் திகதி, திங்கள்

சோளகக் காத்து விடுற மாதிரி இல்லை. படகு ஓடுமோ தெரியாது. மகன் ரூபன் செத்து ஏழு மாசம். பத்தொன்பது வயசு. கை கால் பெலன் குறைஞ்சு குறைஞ்சு... அவன்ர சேட்டுகளை மடிச்சுத் திரும்பவும் அலுமாரிக்குள்ள.

இவற்ற தங்கச்சி வந்தவ. தேத்தண்ணி குடிச்சிட்டு, "தாய் வழியால வாற வருத்தம் எண்டு டொக்டர் அண்டைக்கே சொன்னவரல்லோ?" எண்டா. இவர் பேப்பர் பாத்துக்கொண்டு இருந்தவர். அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

9ம் திகதி, செவ்வாய்

மகள் கீதா கம்பசில இருந்து கோல் எடுத்தவள். தம்பியின்ர வருத்தத்தைத்தான் அங்க ஆராயிறாள். ஈஸ்ட்டை வைச்சு. பாணுக்குப் போடுறதுதான்! எங்கட உடம்பில மாதிரி அதுக்குள்ளயும் பெலன் குடுக்கிற இழைமணி இருக்காம். அதை வேலை செய்யவைக்க ஒரு புரதம் கட்டளை குடுக்கவேணுமாம். எங்கட இரத்தம் பாத்ததில அந்தப் புரதத்தில பிழை. எனக்குப் பாதி, இவருக்குப் பாதி, ரூபனுக்கு முழுக்க. ஆனா அதாலதான் செத்தவனோ எண்டு ஒருத்தருக்கும் நிச்சயமில்லை.

"தம்பின்ர பிழையை ஈஸ்ட்டுக்குள்ள போட்டு, சீனி இல்லாத தட்டில வைச்சிருக்கிறன், அம்மா. சீனி இருந்தா எப்பிடியும் வளரும். இல்லாட்டி இழைமணி வேலை செய்தால்தான் வளரும்."

வளர்ந்தால் காரணம் அதில்லையாம். அப்ப டொக்டர் சொன்னதுதான். என்ர வழி.

வெள்ளி தெரியுமாம்.

11ம் திகதி, வியாழன்

மீன் கழுவி அடுப்பில வைச்சன். கறிக்கு உப்புப் போட்டனோ இல்லையோ.

செய்யவேண்டியது: கோயிலுக்கு நெய். கலியாணக் கூறை விசயம் அண்ணையோட கதைக்க. ரூபன்ர முதல் வருச ஆட்டைத் திவசம் முடியக் கீதாவின்ர கலியாணம். மாப்பிள்ளை மண்கும்பானில இருக்கிற என்ர அண்ணையின்ர மகன். சொந்தத்துக்குள்ளதான். நானும் இவரும் அப்பிடித்தானே, மச்சான் மச்சாள்.

வளரக்கூடாது அம்மாளே எண்டு கும்பிட்டன். பிள்ளை ஏன் செத்தவன் எண்டு தெரியவேணுமெண்டு இல்லை. என்னில மட்டும் இல்லையெண்டு வரவேணும், அதுக்குத்தான். வெக்கமாக் கிடக்கு.

12ம் திகதி, வெள்ளி

பத்தரைக்குக் கீதா. "வளரேல்லை, அம்மா. நல்ல புரதம் போட்ட தட்டில நிறைய வளந்து நிக்குது. தம்பின்ரயில ஒரு புள்ளியும் இல்லை."

அப்ப பிழை எங்கட ரெண்டு பேரிலயும்தான். குசினிக்குள்ள நிண்டு அழுதன். இவரிட்டச் சொன்னன். "ஏழு மாசம் நீர் தனியச் சுமந்திருக்கிறீர்" எண்டார். பிறகு கதிரையை விட்டு எழும்பேல்லை. மத்தியானச் சோறும் அப்பிடியே.

பின்னேரம் கீதா திரும்ப எடுத்தவள். "என்னிலயும் பாதி இருக்கு, அம்மா. மச்சானிலயும் இருந்தால், எங்கட பிள்ளைக்கு..." நிப்பாட்டிப்போட்டாள். "மாமாவிட்ட நீங்கள் சொல்லுங்கோ. எனக்கு ஏலாது."

13ம் திகதி, சனி

அண்ணைக்கு எடுத்தன். "என்ன சம்பந்தியம்மா, காத்து உங்களைத் தூக்கிக்கொண்டு போகேல்லையே?" அவற்ற பகிடி. ஒரே மூச்சில சொன்னன். அவற்ற மகனுக்கு இரத்தம் பாக்கவேணும், அதுக்கு முந்திக் கலியாணம் வேண்டாம்.



"உந்தக் கதையை ஆர் சொன்னது?"

ஈஸ்ட் எண்டால் சிரிப்பார். கீதா எண்டால் அவளில பாய்வினம்.

"நான் சொல்லுறன், அண்ணை."