அப்பாவின் அரை டம்ளர்

ஜூன் 18, 2024

பத்மஜா டீச்சர் இன்று சிறுநீரகப் பாடம் நடத்தினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகளாம்! ஒவ்வொன்றிலும் ஒரு ரத்தக்குழாய்ச் சுருள். சுருளுக்குள் வரும் குழாய் அகலம், வெளியேறும் குழாய் குறுகல். அந்த நெருக்கடியில் அழுத்தம் ஏறி, ரத்தத்திலுள்ள நீர், உப்பு, சர்க்கரை, கழிவு எல்லாம் வெளியே பிதுங்கிவிடும். அணுக்களும் புரதமும் பெரியவை, தங்கிவிடும். அதிசயம் அதற்குப் பிறகுதான். வேண்டியது வேண்டாதது பார்க்காமல் தள்ளிவிட்டதில், வேண்டியதை மட்டும் நீண்ட குழாய் ஒன்று திரும்ப எடுத்துக்கொள்கிறது.

பள்ளி விட்டதும் கிழக்கேகோட்டையில் எங்கள் டீக்கடைக்கு ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"அப்போ எனக்க டீ அரிப்பு மாதிரின்னு சொல்லு." டீ வடிகட்டியைத் தூக்கிக் காட்டினார்.

"இல்லப்பா, இது வேண்டியத திரும்ப எடுக்கும்."

"எனக்க கிட்னியும் டீ மாஸ்டர்தான் மக்களே. ஒரு வருசமா ஒண்ணுக்குப் போனா, நான் ஆத்துற டீ மாதிரி நுரை நிக்கி."

"சீ, கடையில வச்சா பேசுவிய?" என்று அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஜூன் 20

புரதம் கசிந்தால் சிறுநீர் நுரைக்கும். பாடத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது.

ஒரு வருஷமாகவா? அப்பாவின் கால் வீங்குவது நின்றுகொண்டே வேலை செய்வதால் இல்லையா?

ஜூலை 2

பெரிய ஆஸ்பத்திரி. டாக்டர் படம் வரையத் தொடங்கினார். எனக்குத் தெரியும் என்றேன். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகத்திலும் சுருள்கள் தழும்பாகிவிட்டனவாம். "அது இனி சரியாகில்லா மோளே" என்று மலையாளத்தில் சொன்னார்.

ஆகஸ்ட் 11

அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. அப்பாவுக்கு வைக்க அவள் சிறுநீரகத்தை எடுக்க முடியாது.

செப்டம்பர் 5

வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். அப்பாவுக்குச் சிறுநீரே வருவதில்லை. குடிப்பதெல்லாம் உடம்பில் தேங்கி நெஞ்சை அடைக்கும். அதனால் அளந்து கொடுப்பது என் வேலை. எவர்சில்வர் டம்ளரின் பாதியில் நகப்பூச்சால் கோடு போட்டிருக்கிறேன்.

"ஊருக்கே டீ ஊத்துன கையி. ஒரே ஒரு முழு டம்ளர் தா மக்களே."

"தர மாட்டேன்ப்பா."

"சரி டீச்சரம்மா." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அக்டோபர் 19

அப்பா போயிட்டாரு. காலையிலயும் டீ கேட்டாரு. நான் கோடு வரைக்கும்தான் குடுத்தேன். சரியாத்தானே குடுத்தேன்? சரியாத்தானே –

நவம்பர் 4

நேற்று பதினாறாம் நாள் முடிந்தது. இன்று பக்கத்து வீட்டு ஓமனா சேச்சி, அப்பாவின் சாமான்களை யாருக்காவது கொடுக்கலாம் என்று பையோடு வந்து அம்மாவைக் கூப்பிட்டார். "மாடம்மா, இதெல்லாம் ஆருக்கெங்கிலும் கொடுக்காம்."

அம்மா அப்பாவின் பெட்டியைப் பாயில் கவிழ்த்தாள். "எல்லாத்தையும் கொண்டு போங்க சேச்சி. எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

பிறகு நீலச் சட்டையை எடுத்து மடியில் வைத்தாள். அப்புறம் துண்டு. டீ அரிப்பு. வார் அறுந்த செருப்பைக்கூட. சேச்சி பையை மடித்துக்கொண்டார். பாயில் மிஞ்சியவை மருந்து அட்டைகளும் அந்த டம்ளரும்தான். அம்மா இரண்டையும் காலால் தள்ளினாள்.

டம்ளரை நான் எடுத்தேன். கோட்டை நகத்தால் சுரண்டினேன். டீ போட்டு, அப்பா மாதிரியே உயரத் தூக்கி ஆற்றி, நுரை வழிய நிரப்பி, அப்பா படத்தின் முன்னால் வைத்தேன்.