ஏமஸ் தர்கிலின் வீடும், மறுப்பை எழுதித் தராத மேசையும்

அனுப்புநர்:
திருமதி ஒர்லீனா விக்கெட்,
பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
பழைய ஆலைச் சாலை, கெட்டில் பெண்ட், ஒக்லஹோமா.

பெறுநர்:
மாவட்டப் பதிவாளர் அவர்கள்,
ஹார்லோ மாவட்ட அலுவலகம், கெட்டில் பெண்ட்.

பொருள்: இறப்புக்குப் பின் சேரும் பத்திரப்படி எனக்கு வந்த வீடும் நிலமும் – முன்மேசையில் நேர்ந்த மறுப்புகள் – திருத்தம் கோருதல்.

மதிப்பிற்குரிய பதிவாளர் அவர்களுக்கு,

இது தோற்றவளின் மனு அல்ல. வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது; தங்கள் அலுவலக முத்திரை என் தாளில் இருக்கிறது. ஆயினும் நடந்ததைத் தாங்கள் அறிய வேண்டும்.

1. திரு. ஏமஸ் தர்கில் என் தாயின் இரண்டாம் கணவர். நான்கு வயதிலிருந்து என்னை வளர்த்தவர், சட்டப்படி தத்தெடுக்கவில்லை. 2017 மே மாதம் தாமே தங்கள் அலுவலகத்துக்கு வந்து, தம் வீடும் முப்பத்தெட்டு ஏக்கர் பீக்கன் கொட்டைமரத் தோப்பும் தம் இறப்புக்குப் பின் எனக்குச் சேருமாறு பத்திரம் பதிந்தார். படியிறங்கும்போது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "நான் கண்ண மூடுற வரைக்கும் இது என் வீடு. மூடுன மறு நிமிஷம் உன் வீடு. நடுவுல எவனுக்கும் வேலை இல்ல."

2. 2024 மார்ச் 11 அன்று அவர் காலமானார். ஒன்பது மாதத்துக்குள், சொத்தை ஏற்கிறேன் என்னும் பயனாளி ஏற்புப் பிரமாணத்தைப் பதியாவிட்டால் சொத்து ரத்த வாரிசுகளுக்குப் போய்விடும். இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் அவருடைய தம்பி மகன் ராய்ஸ் தர்கில். தோப்புக் கதவுக்கு அவர் பூட்டுப் போட்டார். நவம்பரில் கொட்டைகள் உதிர்ந்து மண்ணில் கிடந்தன. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். ஏன் என்று கேட்டதற்கு, "டிசம்பர் வரைக்கும் பொறுங்கக்கா, அப்புறம் பேசலாம்" என்றார். அவர் சிரித்ததையும் இங்கே குறிப்பிட வேண்டியிருக்கிறது.

3. செப்டம்பரில் பிரமாணத்துடன் வந்தேன். வளர்ப்பு மகள் வாரிசாக முடியாது என்று முன்மேசை ஊழியர் திருப்பி அனுப்பினார். பத்திரம் ரத்த உறவைக் கேட்பதில்லை என்று வழக்கறிஞரிடம் தெரிந்துகொண்டு அக்டோபரில் மீண்டும் வந்தேன். தங்கள் அட்டவணையில் என் பெயர் 'ஒர்லைனா' என்று இருப்பதால் நான் வேறொருத்தி என்றார். மூலப் பத்திரத்தில் பெயர் சரியாகவே உள்ளது. பிழை தங்கள் அலுவலகத் தட்டச்சில் நேர்ந்தது. எடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்க்கவில்லை.

4. டிசம்பர் 11, கடைசி நாள். பிள்ளைகளை வீடுகளில் இறக்கிவிட்டு, பேருந்துப் பணிமனையில் வண்டியை ஒப்படைத்து, நான்கு மணி கடந்து வந்து சேர்ந்தேன். அதே ஊழியர், அதே பதில். "சரிம்மா, மறுக்கிறீங்க. எதுக்காக மறுக்கிறீங்கன்னு ஒரு தாள்ல எழுதி, கீழ உங்க பேரப் போட்டுக் குடுங்க. நான் போயிடறேன்" என்றேன்.

அவர் தாளை எடுத்தார். பேனாவை எடுத்தார். ஒரு வரியும் எழுத வரவில்லை. பின்னாலிருந்த வரிசை முழுவதும் எட்டிப் பார்த்தது. கடைசியில் உள்ளே போய் மேற்பார்வையாளரை அழைத்து வந்தார். அந்த அம்மையார் மூலப் பத்திரத்தை வரவழைத்து, ஒருமுறை படித்து, என் பிரமாணத்தில் முத்திரை வைத்தார். நேரம் 4.40.

மறுநாள் காலை, பதிவானதை அறிந்த ராய்ஸ் தர்கில் தாமே வந்து பூட்டைக் கழற்றினார். நான் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார். அன்று மாலையே தோப்பில் இறங்கி, மிஞ்சிய கொட்டைகளில் நான்கு சாக்கு பொறுக்கினேன்.

5. ஆகவே கோருவது: அட்டவணையில் என் பெயரைத் திருத்த வேண்டும். பத்திரப் பயனாளி உறவினராக இருக்க வேண்டியதில்லை என்பதையும், மறுத்தால் காரணம் எழுத்தில் தரப்படும் என்பதையும் முன்மேசையில் எழுதி ஒட்ட வேண்டும்.

6. என்னைப் பற்றி மட்டும் என்றால் இத்துடன் நிறுத்தியிருப்பேன். அன்று வரிசையில் எனக்குப் பின்னால் நின்றவர் திரு. டெல்மர் ஓக்ஸ், எழுபத்திரண்டு வயது. நாற்பது ஆண்டுகள் ஒன்றாக உழவு செய்த நண்பர் இதே வகைப் பத்திரத்தால் அவருக்கு விட்டுச்சென்ற வீட்டுக்கான பிரமாணம் அவர் கையில் இருந்தது. உறவு இல்லை என்று இருமுறை திருப்பப்பட்டவர்; அன்று அவர் முறை வருமுன் மேசையை மூடிவிட்டார்கள். அவருக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.

வரும் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் தங்கள் மேசைக்கு வருவார். அருகில் நான் நிற்பேன், ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு. அவை தேவைப்படாதபடி தாங்கள் ஆவன செய்வீர்கள் என நம்புகிறேன்.

இடம்: கெட்டில் பெண்ட்
நாள்: 13 டிசம்பர் 2024

தங்கள் மாவட்டத்தின் நில உரிமையாளர்,
(ஒப்பம்) ஒர்லீனா விக்கெட்