அந்த மெயில் எனக்கு வந்தது

மாப்பிள்ளைக்கு அத்தை எழுதுவது.

குழந்தைகள் இரண்டு பேரும் சுகம். என் மகள் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறாள், அவ்வளவுதான் சொல்லலாம். உங்கள் சுகத்தை விசாரிக்காமலே எழுதுகிறேன் என்று கோபிக்க வேண்டாம். அது தெரிந்ததால்தான் பேனாவையே எடுத்தேன்.

இந்தக் கடிதத்தை லாரி டிரைவர் தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன். உங்கள் கிடங்குக்கு மீன் லோடு கொண்டுவருகிறாரே, அவர்தான். நீங்கள் கடைசி வரி வரைக்கும் படித்து முடிக்காமல் வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். ஐஸ் உருகிடும் பாட்டிம்மா, முதலாளி என்னை உரிச்சிடுவார் என்றார். உரிக்கட்டும், என் பேரைச் சொல் என்றேன். அதனால் மனுஷனை நிற்க வைக்காமல் ஓரமாக உட்கார்ந்து படியுங்கள். நான் எழுத்துக் கூட்டி எழுதுகிறவள். பிழை கண்டால் சிரித்துக்கொள்ளுங்கள், நீங்கள் சிரித்துப் பல நாளாயிற்று.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். உங்களை மிரட்டி வந்த மெயிலை நான் படித்துவிட்டேன். அது சுத்தப் பொய். உங்கள் வீடியோ என்று ஒன்று அவனிடம் கிடையாது. எவனிடமும் கிடையாது. இதை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். எனக்கு எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கண்ணாடியில் கீறல் விழுந்த உங்கள் பழைய போனை எனக்குக் கொடுத்தீர்கள் அல்லவா? புதுசு உங்களுக்கு, கீறல் எனக்கு. அது இருக்கட்டும். போட்டோவையெல்லாம் அழித்தீர்கள், மெயிலை அப்படியே விட்டுவிட்டீர்கள். உங்களுக்கு எது வந்தாலும் என் மடியில் டிங் என்று அடிக்கும். கரண்ட் பில், இன்சூரன்ஸ்காரன் வாழ்த்து, குழந்தைகள் பள்ளிக்கூடத்து அறிவிப்பு, எல்லாம் வரும். நான் தள்ளிவிட்டு நாடகம் பார்ப்பேன். ஒருநாள் வந்தது தமிழிலேயே இருந்தது. தமிழ் என்றால் கல்லும் உமியும் கலந்த தமிழ். "வணக்கம், நான் உங்கள் கருவியை வெற்றி கொண்டேன்" என்று ஆரம்பித்திருந்தான். யாரோ லாட்டரிக்காரன் என்று நினைத்துப் படித்தேன். போகப் போகத்தான் விஷயம் தெரிந்தது. நீங்கள் தனியாக இருக்கும்போது பார்த்ததையெல்லாம் கேமரா வழியாகப் பிடித்து வைத்திருப்பதாகவும், பணம் வராவிட்டால் உங்கள் போனில் உள்ள அத்தனை பேருக்கும் அனுப்புவதாகவும் எழுதியிருந்தான். உங்கள் பாஸ்வேர்டு என்று சின்னவளின் செல்லப்பெயரையும் போட்டிருந்தான். வீட்டுக்குள் மட்டும் கூப்பிடுகிற பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? நானும் நம்பிவிட்டேன்.

உள்ளதைச் சொல்கிறேன். உங்கள்மேல் எனக்கு ஏற்கெனவே கணக்குத் தீராத கோபங்கள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டு வராமல் இருந்தீர்கள். நீலச் சட்டை போட்டுக்கொண்டு மூன்றாம் நாள் சாயந்திரம் வந்தீர்கள், கையில் திராட்சை. அவர் திராட்சை சாப்பிட மாட்டார். என் குறட்டையை ஜெனரேட்டர் என்று உங்கள் நண்பரிடம் சொன்னது என் காதில் விழவில்லை என்று நினைத்தீர்கள். விழுந்தது. அப்படிப்பட்ட எனக்கு இந்த மெயில் கிடைத்ததும், பிடி கிடைத்துவிட்டது என்றுதான் தோன்றியது. போனும் கையுமாக மகளிடம் போனேன். அவள் உங்கள் சட்டைகளை மடித்துக்கொண்டு இருந்தாள். எல்லாச் சட்டையும் தொளதொளன்னு ஆயிடுச்சும்மா, அவர் சாப்பிடறாரா இல்லையான்னே தெரியல என்றாள். நான் வந்த வழியே திரும்பிவிட்டேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருக்கிறது என்றீர்கள். பஸ் ஸ்டாண்டில் வேறொருத்தன் அதை ஓட்டிக்கொண்டு போனான். சின்னவள் ஒட்டிய வாத்துப் படம் பெட்ரோல் டேங்கில் அப்படியே இருந்தது. விற்று அவனுக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்று புரிந்தது. வெளியூர்க் கிடங்கில் ஆள் இல்லை என்று நீங்களாகவே கேட்டு மாற்றிக்கொண்டு போனீர்கள். போனை எடுப்பதில்லை. என் மகள் வேறு மாதிரி நினைக்க ஆரம்பித்துவிட்டாள். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று நினைக்கிறாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவுகிறாள், பாத்திரமே இல்லாதபோதும்.

அதோடு நின்றிருந்தால் நான் கடிதம் எழுதியிருக்க மாட்டேன். போன வாரம் நீங்கள் பெரியவளைக் கூப்பிட்டுப் பேசினீர்கள். அம்மாவுக்குத் தராமல் அவளிடம் மட்டும். அப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். அம்மாவை நீதான் பார்த்துக்கணும், தங்கச்சியோட சண்டை போடாதே, இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் பீரோவில் மேல் தட்டில் இருக்குன்னு சொன்னார் பாட்டி என்றாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள், தன்னை நம்பிப் பெரிய பொறுப்பு கொடுத்த மாதிரி.

அடுத்த நாள் டிரைவர் தம்பியைப் பிடித்து விசாரித்தேன். அண்ணன் யார்கிட்டயும் பேசறதில்ல பாட்டிம்மா, குளிர் அறைக்குள்ளே ஜாக்கெட் போடாம போறார், கூப்பிட்டாத்தான் வெளியே வர்றார் என்றார். உள்ளே போனால் இவ்வளவு நேரத்தில் வெளியே வந்துவிட வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சட்டம் சொல்கிறவர் நீங்கள். புதுப் பையன் ஒருவன் கையுறை இல்லாமல் போனான் என்று அவனைத் திட்டிவிட்டு வந்து, அன்றைக்கு முழுக்க வீட்டில் அதையே பேசினவர் நீங்கள்.

இதற்குமேல் நான் எழுத மாட்டேன். நான் எதற்குப் பயப்படுகிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்து போனைத் திறந்து மறுபடி எல்லாவற்றையும் படித்தேன். நீங்கள் அவனுக்கு எழுதிய பதிலும் அதில் இருந்தது. "சார், எனக்கு இரண்டு பெண் குழந்தைகள், தயவுசெய்து கொஞ்சம் டைம் கொடுங்க சார்" என்று எழுதியிருந்தீர்கள். திருட்டுப் பயலுக்கு இரண்டு சார்! இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தயவுசெய்து வந்ததில்லை. கோபம் கோபமாக வந்தது. ஆனால் முதல்முறையாக அந்தக் கோபம் உங்கள்மேல் வரவில்லை.

மாடி வீட்டு வக்கீலம்மாவை உங்களுக்குத் தெரியும். தண்ணீர்த் தொட்டிச் சண்டையில் என்னைப் பார்த்து, படிக்காதவங்ககிட்ட என்ன பேசறது என்று கேட்டவள். அன்றிலிருந்து அவள் படியில் என் கால் பட்டதில்லை. பட்டது, போன செவ்வாய்க்கிழமை. கதவைத் திறந்தவளிடம், எனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது, பயமாக இருக்கிறது, என்ன செய்வது என்று கேட்டேன். ஆமாம், எனக்கு வந்தது என்றுதான் சொன்னேன். உங்கள் பெயர் இருக்கும் இடத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு காட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள். பிறகு சோபாவில் விழுந்து சிரித்தாள் பாருங்கள், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு. அப்படி என்னத்தைம்மா பார்த்தீங்க என்று கேட்டாள். பார்க்க வேண்டியதைத்தான் பார்த்தேன், உனக்கென்ன என்றேன்.

சிரித்து முடித்தவுடன் தன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டாள். அவர் கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அவருக்கும் அதே மெயில்! அதே வெற்றி கொண்டேன், அதே கல்லும் உமியும், ஒரு சொல் மாறவில்லை. வக்கீலம்மா ஆபீசில் குமாஸ்தாவுக்கும் வந்ததாம், ரிட்டயர் ஆன எண்பது வயது ஜட்ஜுக்கும் வந்ததாம். அந்தக் கம்ப்யூட்டரைப் பின்னாலும் முன்னாலும் திருப்பிக் காட்டினார், அதில் கேமராவே கிடையாது. கேமரா இல்லாத பெட்டியில் எப்படிம்மா படம் பிடிப்பான் என்று கேட்டார். ஆயிரக்கணக்கான பேருக்கு ஒரே வலையை வீசுகிறான், பயந்தவர்கள் மாட்டுகிறார்கள், அவ்வளவுதான் என்றார். பாஸ்வேர்டு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். முன்பு எப்போதோ ஏதாவது கடையில் சாமான் வாங்கப் பதிவு செய்திருப்போம், அந்தக் கடைக்காரர்களிடமிருந்து மொத்தமாகத் திருடு போயிருக்கும், அதை வாங்கி வைத்துக்கொண்டு பூச்சாண்டி காட்டுகிறான் என்றார். நான் படி இறங்கும்போது பாதியில் உட்கார்ந்துவிட்டேன். வக்கீலம்மா வந்து கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். தண்ணீர்த் தொட்டி விஷயம் இன்னும் அப்படியேதான் இருக்கிறது, அது வேறு.

அதோடு விடவில்லை. அவளையே கூட்டிக்கொண்டு போலீஸில் இதற்கென்று இருக்கிற பிரிவுக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு போலீஸ்காரப் பெண் உட்கார்ந்திருந்தாள், நம் பெரியவளுக்கு அக்கா மாதிரி இருப்பாள். யாருக்கு வந்தது பாட்டி என்று கேட்டாள். என் போனில் வந்தது என்றேன். இதில் சொல்லியிருக்கிற ஆள் நீங்களான்னு எழுதணுமே என்று நெளிந்தாள். எழுது, எனக்கு எழுபத்து நாலு, அதையும் சேர்த்து எழுது என்றேன். சுற்றி இருந்த ஆம்பளைப் போலீஸ்காரர்கள் எல்லாம் வேலை இருக்கிற மாதிரி வெளியே போனார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை. இனிமேல் பதில் எழுதாதீர்கள், ஒரு பைசா கொடுக்காதீர்கள், கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பான், வந்த மெயிலை அழிக்காமல் வையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள் என்றாள். இதில் வெட்கப்பட வேண்டியவன் அவன், நீங்கள் இல்லை என்றும் சொன்னாள். அதை உங்களுக்காகத்தான் இரண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

இப்போது நம் தெரு முழுக்கத் தெரியும். வக்கீலம்மா வாய் சும்மா இருக்குமா? இஸ்திரிக்காரன் என்னைப் பார்த்து, பாட்டி படம் எப்ப ரிலீசு என்று கேட்டான். டிக்கெட் எடுத்து வை என்றேன். அவனை நான் மறக்க மாட்டேன். என் மகள், இந்த வயசுல உனக்கு இதெல்லாம் தேவையாம்மா என்று தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குழாயை மூடிவிட்டுச் சிரித்தாள். நாளைக்கே உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அந்தப் பயல் எதையாவது அனுப்பினாலும், ஓ அந்தப் பாட்டிக்கு வந்ததே அது என்றுதான் சொல்வார்கள். கேவலம் மொத்தமும் என் பெயரில் பதிவாகிவிட்டது, சர்க்கார் முத்திரையோடு. அதில் உங்களுக்குப் பங்கு கிடையாது.

நீங்கள் எதைப் பார்த்தீர்கள், பார்க்கவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். தனியாக இருக்கிற மனுஷன் எதையோ பார்த்தான் என்றால் அது கொலைக்குற்றம் இல்லை. என் மகளிடம் சொல்வதும் சொல்லாததும் உங்கள் இரண்டு பேர் பாடு. என் வாயிலிருந்து வராது. என்னை உங்களுக்குப் பிடிக்காது, அது எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் சொன்னதுதான் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

வாங்கினது வரைக்கும் அவன் கொண்டு போகட்டும். வண்டி போனால் பஸ் இருக்கிறது. சின்னவள், அப்பா எந்த பஸ்ஸில் வருவார் என்று நம்பர் கேட்கிறாள். எனக்கு அந்த நம்பர் தெரியவில்லை.

டிரைவர் தம்பி லோடு இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு இங்கேதான் திரும்புகிறார். முன் சீட்டில் அவரோடு யாரும் வருவதில்லை. ஜாக்கெட்டை அங்கேயே ஒப்படைத்துவிட்டு, லீவு சொல்லிவிட்டு, அப்படியே ஏறி உட்கார்ந்துவிடுங்கள். துணிமணி எதுவும் எடுக்க வேண்டாம், இங்கே மடித்து வைத்தது நிறைய இருக்கிறது. வீட்டுக்கு வந்து யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். வந்து தூங்குங்கள், போதும்.

நீடூழி வாழ்க என்று பெரியவர்கள் கடிதத்தின் அடியில் எழுதுவது வழக்கம், நானும் எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன், யோசிக்காமல். உங்களுக்கு இன்றைக்கு அதை வாழ்த்தாக எழுதவில்லை மாப்பிள்ளை. கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை