கரி படியாத மாடம்

ஆடி, செவ்வாய்.

விடியும்போதே காத்து. கண்ணெல்லாம் புழுதி. வருசம் எதுன்னா, இருக்கன்குடி ஆத்துல ரெண்டு கரையும் தொட்டுத் தண்ணி போச்சே, அதுக்கு அடுத்த வருசம். மருமக முத்துமாரி வேலை பாத்த பட்டாசுக் கம்பெனிய சர்க்கார் கெடுபிடின்னு பூட்டிட்டுப் போன வருசம். மகன் லாரியில லோடு ஏத்திக்கிட்டு வடக்க போனவன் இன்னும் திரும்பல.

எனக்கு எழுத்து தெரியாது. போன்ல ஒரு இடத்தை அமுக்கிட்டுப் பேசுனா எழுத்தா விழுந்துரும்னு மகன் காட்டிக் குடுத்தான். கிணத்தடியில வச்சுப் பேசுறேன். வீட்டுல பேசுனா மருமக காதுல விழும்.

மதுரையில இருந்து ஒரு புள்ள வந்திருக்கு. தேன்மொழின்னு பேரு. வீடு வீடாப் போட்டோ எடுக்குது. ஆள் வேண்டாமாம். ஆள் புழங்குன தடம் போதுமாம். தேஞ்ச வாசப்படி, அம்மி, தலை சாச்சு எண்ணெய் ஏறுன சுவரு, விளக்கு வைக்கிற மாடம்.

பக்கத்து வீட்டு ராக்குக்கு ஆத்திரம். "ஏத்தா, எங்க வீட்டு அம்மிய இம்புட்டு நேரம் எடுக்கியே, எம் மூஞ்சி என்ன பாவம் பண்ணுச்சு?"

"அம்மி அசையாம இருக்கு அக்கா. நீங்க பேசிக்கிட்டே இருக்கீங்க."

தெருவே சிரிச்சுச்சு.

தெருக்கடைசியில ஒரு குட்டிச்சுவர் நிக்குது. அதுல ஒரு மாடம். இத்தனை மழைக்கும் உள்வளைவுல கரி அப்படியே கெடக்கு. அந்தப் புள்ள அதை நெடுநேரம் எடுத்துச்சு. "இது யார் வீடு தாத்தா?"

முத்துமாரி குடத்தோட பக்கத்துல நின்னா. "அது ரொம்ப முந்தி, தாயி"ன்னுட்டு நடையக் கட்டிட்டேன்.

புதன்.

காத்து நிக்கல. மூட்டு வலி. மாத்திரை தீந்துருச்சு, ஆமத்தூர் போகணும்.

இன்னிக்கு எங்க வீட்டுல போட்டோ. முத்துமாரி காப்பி குடுத்தா, சிரிச்சா, எல்லாங் காட்டுனா. பின்னறைக் கதவுகிட்ட மட்டும் குறுக்க வந்து நின்னா. "அங்கன எலி மருந்து வச்சிருக்கேன், போகாதீக."

எலி எப்ப வந்துச்சு? எனக்குச் சத்தமே கேக்கலயே.

வியாழன்.

அந்தப் புள்ள எடுத்த படத்தையெல்லாம் கேமராவுலயே தள்ளித் தள்ளிக் காட்டுச்சு. ராக்கு வீட்டு மாடம், கரி. பூசாரி வீட்டு மாடம், கரி. குட்டிச்சுவர் மாடம், கரி. எங்க வீட்டு மாடம், பொங்கலுக்கு வெள்ளையடிச்ச மாதிரியே பளிச்சுன்னு இருக்கு.

"ஆளில்லாத வீட்டு மாடத்துல கரி இருக்கு. உங்க வீட்டுல இல்லையே தாத்தா?"

"பேட்டரி விளக்கு"ன்னேன்.

காத்துல அணையுதுன்னுதான் முத்துமாரி பேட்டரி விளக்கு வாங்குனா. அடுத்த படம் எங்க வீட்டு வெளிமுத்தம். அதுல மூணு கல்லு, சாம்பல், பானை. இந்த ஆடிக் காத்துல வெளிய அடுப்பு எரிக்கிறவளுக்கு, வீட்டுக்குள்ள இருக்கிற விளக்கு காத்துல அணையுமா?

ஒவ்வொண்ணா நெனச்சுப் பாத்தேன்.
அடுப்பு முத்தத்துக்குப் போச்சு. வெக்கையாம்.
எம் பீடி தெருவுக்குப் போச்சு. இருமலாம்.
பின்னறைக்குப் பூட்டு. எலியாம்.

கடைசிப் படம் பின்னறை நிலைக்கதவு, எட்ட நின்னு எடுத்தது. பெருவிரல் தடம் ஒண்ணு, வெள்ளி மாதிரி மினுமினுன்னு. "அழகா இருக்குல்ல?"ன்னு கேட்டுச்சு. பட்டாசுக் கம்பெனியில நான் வேலை பாத்த காலத்துல, வெடி மருந்துப் பொடி ஒட்டி என் விரலும் அப்படித்தான் மினுங்கும்.

உள்ள வெடி இருக்கு. நான் தலை வச்சுப் படுக்கிற சுவருக்கு அந்தப் பக்கம்.

முத்துமாரிகிட்ட கேக்கலாம். கேட்டா ஒத்துக்குவா. பெறகு உலைக்கு என்ன வழின்னு கேப்பா.

அந்தப் புள்ள கெளம்புறப்ப சொல்லுது, "நாளைக்கு ஆடி வெள்ளி. எண்ணெய் விளக்கா ஏத்துங்க அக்கா. அந்த மாடத்துல முதல் கரி ஏறுறதை எடுக்கணும்."

"அதுக்கென்ன, வாங்க"ன்னா முத்துமாரி.

வெள்ளி.

சோறு எறங்கல. பகல் பூரா பூட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன். தொறக்கவே இல்ல.

பொழுது சாயுற நேரம் அந்தப் புள்ள வந்துச்சு. முத்துமாரி விளக்கை முத்தத்துல தொளசிகிட்ட கொண்டு வச்சா. "இன்னிக்கு இங்கனதான் ஏத்தணும்." ஏத்துனா. காத்து அணைச்சுச்சு. மறுபடி ஏத்துனா. மறுபடி அணைஞ்சுச்சு.

"இருங்கக்கா"ன்னு சொல்லி, அந்தப் புள்ள வெடுக்குன்னு விளக்கையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கிட்டு உள்ள போயிருச்சு. மாடத்துக்கும் பின்னறைக் கதவுக்கும் ஒரு கை தூரம். நான் பின்னாடியே ஓடுனேன். முத்துமாரி வாசப்படியில நிக்கா. அந்தப் புள்ள குச்சிய எடுத்து உரசப் பெட்டியில வச்சிருச்சு.

"ஏ புள்ள, கொளுத்தாத!"

கையில ஊணியிருந்த கம்பால அடிச்சுட்டேன். தீப்பெட்டி போயி மூலையில விழுந்துச்சு. குச்சியெல்லாம் தரையில. அடி அது கையிலயும் பட்டுருச்சு.

அந்தப் புள்ள பூட்டைப் பாத்துச்சு. மாடத்தைப் பாத்துச்சு. நிலைக்கதவுல அந்த விரல் தடத்தைப் பாத்துச்சு. கேமராவை மூடிருச்சு.

வெளிய வந்து கையத் தேச்சுக்கிட்டே, "இந்த வீட்டுப் படம் ஒண்ணையும் வெளிய காட்ட மாட்டேன் அக்கா. போலீசுக்குப் பயப்படாதீங்க. ஆனா நீங்க ரெண்டு பேரும் இதுக்குள்ளயா தூங்குறீங்க?"ன்னுச்சு.

அது போன பெறகு:

"எப்பத் தெரியும் மாமா?"

"நேத்து."

"வெடியச் சரமாப் பின்னுறது மட்டுந்தான். வெடி மருந்து கையில தொடுறதில்ல. விளக்கு கிடையாது, அடுப்பு கிடையாது, பாத்துப் பாத்துத்தான் செய்யுறேன். இந்த லோடோட முடிச்சுக்கிறேன்."

"அங்கனயும் இதைத்தான் சொன்னாக."

எங்கனன்னு அவ கேக்கல. நானும் சொல்லல. நான் தெருவுல கட்டிலைப் போட்டேன். அவளையும் கூப்பிட்டேன். வரல.

சனி.

காலையில பின்னறைக் கதவு தொறந்து கெடக்கு. கழுவி விட்டிருக்கா. "பாத்துக்கங்க மாமா, ஒண்ணும் இல்ல." நிலைக்கதவுல அந்த விரல் தடத்தையும் தேச்சுட்டா.

நெஞ்சு லேசாச்சு. பீடி ஒண்ணு எடுத்தேன்.

"உள்ள வேண்டாம் மாமா. வெளிய போயிக் குடிங்க."

அப்படியே நின்னுட்டேன். அடுப்பு இன்னும் முத்தத்துலதான் எரியுது. காத்து தீயைத் தட்டித் தட்டி விடுது. அவ முந்தானைய இழுத்துச் செருகிக்கிட்டு ஊதுறா. மேல பரண்ல புதுசா ஒரு சாக்குப் படுதா தொங்குது. பின்னறையில இருந்தது மேல ஏறியிருக்கு.

தேன்மொழி ஊருக்குக் கெளம்புது. சொல்லிட்டுப் போக வந்துச்சு. கம்பு பட்ட இடம் கன்னிப்போயிருக்கு. "அந்தக் குட்டிச்சுவர் யார் வீடுன்னு நீங்க சொல்லவே இல்லையே தாத்தா. படத்துக்குக் கீழ பேர் போடணும்."

இந்தத் தடவ நான் நடையக் கட்டல. முத்தத்துக்குக் கேக்குற மாதிரி சத்தமாச் சொன்னேன்.

சங்கையா வீடு. வீட்டுல வச்சுத்தான் சரம் பின்னுனாக. அன்னிக்கும் வெள்ளிக்கிழமை. மாடத்துல விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு. எண்ணெய் கொறையுதுன்னு சின்ன மகளைக் கடைக்கு அனுப்பியிருக்காக. அவ எண்ணெய்க் கிண்ணத்தோட தெருமுனைக்கு வாரா, வீடு இல்ல. சங்கையா போயிட்டான். அவன் பொண்டாட்டி மாரியம்மா. தங்கச்சி பேச்சி. மூத்தவ கனகு, அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருந்தாக.

முத்தத்துல ஊதுற சத்தம் நின்னு போச்சு.

அந்த வீட்டுல இன்னிக்கு உசுரோட இருக்கிறது ஒரே ஆளு. முத்துமாரி.