தங்கள் நன்மகன்

26 செப்டெம்பர் 2024, வியாழன்

பழஞ்சீன வகுப்பு இன்று தொடங்கியது. நூலகத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கட்டணமில்லை. என் ஷிப்டோடு ஒத்துவந்ததும் இது ஒன்றுதான். ஐம்பத்திரண்டு வயதில் எழுத்துப் பழகுகிறேன். 'மனிதன்' என்பதற்கு இரண்டே கோடுகள். அதையும் கோணலாகத்தான் எழுதினேன்.

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் ரயிலைவிட்டு இறங்கி, பேக்கரியில் பாண் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், என் கணவர் கிறிஸ்துராஜா சோபாவில் காலை நீட்டியபடி சிரிக்கிறார். "நல்லதாப் போச்சு. உதில தொங்கிறதை வாசிச்சுச் சொல்லும், என்ன எழுதியிருக்கெண்டு."

சுவரில் தொங்குகிற சிவப்புக் காகிதச் சுருளைத்தான் சொன்னார். ஜூனில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. கப்பலில் சரக்கு அனுப்புகிற கொம்பனியில் இருபது வருடமாக வேலை. வருடத்துக்கு நாலைந்து தடவை அங்கே போய்வருவார். அங்குள்ள சீன வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்ததாம். "செல்வம் பெருகட்டும் எண்டு ஏதாவது இருக்கும்."

3 ஒக்ரோபர், வியாழன்

இன்று முழுக்க மரியாதைச் சொற்கள். பேரரசனை அழைக்கும் சொல்லுக்குப் பொருள் 'படிக்கட்டின் கீழே'. அவனை நேராக அழைக்கத் துணியாமல், கீழே நிற்கிற ஏவலாளிடம் சொல்வதுபோலச் சொல்வார்களாம். அந்தக் காலத்துச் சிற்றரசர்களோ தங்களைத் தாங்களே 'நற்குணம் குறைந்தவன்' என்று சொல்லிக்கொண்டார்கள். உன்னுடையதை உயர்த்து, என்னுடையதைத் தாழ்த்து. எல்லாம் இந்த ஒரு கணக்குத்தான்.

உங்கள் தகப்பன் என்றால் முன்னால் 'லிங்' சேர்க்க வேண்டும்: நல்ல, மேன்மையான. என் தகப்பன் என்றால் வெறுமனே 'வீட்டில் உள்ளவர்'. உங்கள் மகன் 'லிங்லாங்', நன்மகன். என் மகன்? 'நாய் மகன்'! வகுப்பே சிரித்தது. ஆசிரியை லின் சிரிக்கவில்லை. "லிங் வந்தால் அது எதிரே இருப்பவருடையது. பேசுகிறவருடையதாக ஒருபோதும் இருக்காது. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்" என்றார்.

8 ஒக்ரோபர், செவ்வாய்

சுருளில் உள்ள நாலு பெரிய எழுத்துகளை அகராதியில் கண்டுபிடித்துவிட்டேன்! கிலின் என்ற கற்பனை மிருகம், அதன் பாதம், பிறகு 'காட்டு', 'நற்சகுனம்'. செல்வத்தைப் பற்றி ஒன்றுமில்லை. ஓரத்துச் சின்ன எழுத்துகள் சங்கிலிபோலக் கோத்துக் கிடக்கின்றன. படம் எடுத்து வைத்திருக்கிறேன். லின்னிடம் காட்ட வேண்டும்.

10 ஒக்ரோபர், வியாழன்

வகுப்பு முடிந்ததும், கணவர் பெயரையும் சொல்லிக் காட்டினேன். லின் கண்ணாடியைக் கழற்றி, போனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். முகம் மலர்ந்தது. "அழகான கை. பழைய ஆள் எழுதியது. இது உங்கள் கணவர் பெயர், சீன ஒலியில். பின்னால் 'ஐயா'. அடுத்த இரண்டு எழுத்து நீங்களே வாசிக்கலாம், போன கிழமை படித்ததுதான்."

வாசித்தேன். லிங். லாங்.

"தங்கள் நன்மகனின் ஒரு மாத நிறைவுக்கு வாழ்த்து. இந்த வருட வசந்தம்" என்று லின் முடித்தார். "அப்படியென்றால் குழந்தைக்கு இப்போது ஏழு மாதம் இருக்குமே. உங்கள் பேரனா?" உடனே தானே தலையை ஆட்டினார். "இல்லை, பேரன் என்றால் வேறு சொல் வந்திருக்கும். இது மகன்தான்."

"ஓம்" என்று தமிழில் ஆமோதித்தேன். பிறகு ஆங்கிலத்தில், "ஏழு மாதம்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்து வாழ்த்துச் சொன்னார்.

11 ஒக்ரோபர், வெள்ளி

அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

12 ஒக்ரோபர், சனி

காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்றே முதலில் விளங்காததுபோல இருந்தார். பிறகு, "அது அந்தச் சீன மனுசன்ர பிள்ளைக்கு. நான் விசேஷத்துக்குப் போனனான்."

"தன்ர பிள்ளையை ஒருத்தரும் லிங் எண்டு எழுத மாட்டினம். அது வாங்கிறவற்ற பிள்ளை. மேல உங்கட பேர் இருக்கு."

"நாலு வகுப்புக்குப் போட்டு வந்து எனக்குச் சீனம் படிப்பிக்கிறீரோ?"

"மூண்டு வகுப்பு."

அவருடைய கோப்பை மேசையில் தட்டியது. நான் சத்தம் போடவில்லை. "பிள்ளைக்கு என்ன பேர்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஷான்" என்றார். அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் எவ்வளவு மெதுவாகப் போனது! ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷம்கூட இருந்தது அந்த முகத்தில். அதைத்தான் என்னால் தாங்க ஏலாமல் இருக்கிறது.

தாய் வாணி. சிங்கப்பூர்த் தமிழ்ப் பெண். முப்பத்தெட்டு வயது. "எனக்கொரு ஆம்பிளைப் பிள்ளை வேணுமெண்டு ஆசை இருக்காதெண்டு நினைச்சீரோ?" என்று என்னையே கேட்கிறார்.

மகள் டயனாவுக்குப் பிறகு எனக்கு இரண்டு தடவை கலைந்தது. இரண்டு தடவையும் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு 'எனக்கு நீர் போதும்' என்று சொன்ன வாய் அது. நான் நம்பினேன். இருபத்திநாலு வருடம் சமைத்து, தோய்த்து, ஏர்போர்ட்டில் கையசைத்து...

அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மாட்ட எவ்வளவு துணிச்சல்? துணிச்சலும் இல்லை. வாசிக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

17 ஒக்ரோபர், வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

19 ஒக்ரோபர், சனி

டயனா லீட்ஸிலிருந்து வந்தாள். எப்படிச் சொல்வது என்று நேற்று முழுக்க யோசித்து வைத்திருந்தேன். பிள்ளைக்குத் தகப்பன் என்றால் உயிர்.

சொல்லி முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "எனக்குப் போன வருசமே தெரியும், அம்மா."

அப்பாவின் போனில் வாணியின் செய்திகளைப் பார்த்தாளாம். நிறுத்திவிடுகிறேன் என்று சத்தியம் செய்தாராம். எனக்குத் தெரிந்தால் நான் தாங்க மாட்டேன் என்றாராம். எல்லாம் ஆங்கிலத்தில் படபடவென்று சொன்னாள். போன டிசெம்பர் நத்தாருக்கு என் பக்கத்திலிருந்துதான் கேக் வெட்டினாள். தெரிந்துகொண்டே வெட்டியிருக்கிறாள்.

"அப்ப நான் ஆர் உங்களுக்கு? ரெண்டு பேரும் சேந்து என்னை என்னெண்டு நினைச்சீங்கள்?" என்று கத்திவிட்டேன். பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

2 நவம்பர், சனி

இறந்தோர் நினைவுத் திருப்பலி. அம்மா, அப்பா, சின்னண்ணை பெயர்களை எழுதிக் கொடுத்தேன். கிறிஸ்துராஜா இங்கே இல்லை, அவன் வெம்பிளியில் ஒரு அறை எடுத்துப் போய்விட்டான். 'அவன்' என்று இப்போதுதான் கையில் வந்தது. அடித்துத் திருத்தவில்லை.

கோயில் வாசலில் பெர்னடெற் அக்கா, "எங்க மனுசனைக் காணேல்ல?" என்றார். சிங்கப்பூர் போயிருக்கிறார் என்றேன். இன்னும் அவனுக்காக நான்தான் பொய் சொல்கிறேன்.

9 நவம்பர், சனி

வாணியின் நம்பர் டயனாவிடம் இருந்தது. நான் கேட்டதும் தந்தாள். நேற்று ஒரு வரி அனுப்பினேன்: 'நான் கிறிஸ்துராஜாவின் மனைவி மேரிசாந்தி. உங்களுடன் பேச வேண்டும்.' திட்டத்தான் நினைத்திருந்தேன். என்னென்ன சொல்வது என்று தாளில் எழுதியும் வைத்திருந்தேன்.

காலை எட்டு மணிக்கு அவளே அழைத்தாள். "யாருங்க நீங்க? இதுல என்ன விளையாட்டு? அவங்க இறந்து ஆறு வருஷம் ஆச்சு."

எனக்கு விளங்கவில்லை. திருப்பிக் கேட்டேன்.

"மேரிசாந்தி இறந்துட்டாங்க. நவம்பர்ல கல்லறைக்குப் பூ வைக்கணும், அதனால வர முடியாதுன்னு அவர் ஒவ்வொரு வருஷமும் சொல்வார்."

வீடியோவைப் போட்டேன். அவளும் போட்டாள். களைத்த முகம், தோளில் குழந்தை. என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு போனைத் திருப்பி ஒரு சுவரைக் காட்டினாள். சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நான். டயனாவின் முதல் நன்மைக்குக் கோயிலில் எடுத்த படம், பிள்ளையை வெட்டிவிட்டு என்னை மட்டும். நெற்றிக்கு மேலே ஒரு குங்குமப் பொட்டு.

"வெள்ளிக்கிழமை தவறாம உங்களுக்கு விளக்கு ஏத்துறேன் அக்கா" என்றாள். "அவர் எங்க கல்யாண ரெஜிஸ்டர்லயே மனைவியை இழந்தவர்னுதான் எழுதினார்."

எழுதி வைத்த தாளை மடித்தேன். இரண்டு பேரும் அழுதோம். யார் யாருக்காக அழுதோம் என்று தெரியவில்லை.

அவனுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. வார இறுதிக்கு வந்திருந்த டயனா அடித்தாள், எடுத்தான். "நீங்கள் அம்மாவைச் சாகடித்துவிட்டீர்கள்" என்று அவள் சொன்னது மட்டும் கேட்டது. பிறகு வந்து என் மடியில் விழுந்தாள். இது அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அதை நம்புகிறேன்.

14 நவம்பர், வியாழன்

வகுப்புக்குப் போனேன். உயிரோடிருக்கிற தன் மனைவியைப் பற்றிப் பிறரிடம் எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டேன். 'உள்ளே இருப்பவள்' என்றார் லின். இறந்துபோனவளை? அதற்கு 'வாங்' சேர்க்க வேண்டும், இல்லாமற்போனவள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. குழந்தை எப்படி என்று கேட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னேன். கரும்பலகையை அழிக்காமல் அப்படியே நின்றார்.

22 நவம்பர், வெள்ளி

வாணி பேசினாள். அந்தக் கலியாணம் செல்லாது என்று அங்கே வழக்குப் போடப் போகிறாள். நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு என்னுடைய சத்தியக் கடதாசி வேண்டுமாம். கேட்கக் கூச்சப்பட்டாள். "உங்களுக்குக் கஷ்டம்னா வேணாம் அக்கா."

"அனுப்புறன்" என்றேன்.

அவனும் செய்தி போட்டான்: 'உந்தக் கடதாசியைக் குடுத்தால் என்ர வேலை போகும். யோசியும்.' யோசித்தேன்.

17 ஜனவரி 2025, வெள்ளி

ஹரோவில் சொலிசிட்டர் ஒபிஸ். டயனா லீவு எடுத்துக்கொண்டு கூட வந்தாள். சொலிசிட்டர் பெண் கடதாசியை உரக்க வாசித்தார்: என் பெயர், பிறந்த திகதி, மன்னாரில் கலியாணம் நடந்த நாள். கடைசியில், 'ஆறு வருடங்களுக்கு முன் இறந்துவிட்டதாகக் கூறப்பட்ட நான் உயிருடன் இருக்கிறேன்.' அந்த இடத்தில் அவரும் ஒருதரம் நிறுத்தி என்னைப் பார்த்தார். கடவுச்சீட்டுப் படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டார். கையெழுத்து வைத்தேன்.

வெளியே நல்ல குளிர். டயனா என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டாள்.

"அம்மா, பசிக்குதா?"

"ஓம்" என்றேன். "சரியான பசி."